காலியாக விடாதவள்

வக்கீல் அலுவலகத்துக்குக் கீழே, மாடிப்படியை ஒட்டிய சின்ன அறையில் அவள் மற்றவர்களுக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கணினி, ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார இரண்டு நாற்காலி. வேலைக்கு, வாடகை வீட்டுக்கு, கல்லூரிக்கு என்று யார் வந்தாலும், இணையப் படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூட அவள் காலியாக விட்டதில்லை. எழுத ஒன்றுமில்லாத இடத்தில் 'பொருந்தாது' என்றாவது போட்டுவிட்டுத்தான் அனுப்புவாள். அவள் கையால் போன விண்ணப்பம் திரும்பி வந்ததே கிடையாது. அதனால் அந்தக் கட்டடத்தில் அவளுக்குக் 'கட்டம் அக்கா' என்று பெயர். கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அந்தப் பெருமை போன வெள்ளிக்கிழமையோடு போயிற்று.

ஒரே மகள், பத்தாம் வகுப்பு படிக்கிறவள். அன்று பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் சமையலறை வாசலில் நின்று கைபேசியை நீட்டினாள். பள்ளிச் செயலியில் இருக்கும் அவளுடைய பக்கத்தை யாரோ படம் எடுத்து வகுப்புக் குழுவில் போட்டிருந்தார்கள். பள்ளி வேறொரு நிறுவனத்தின் செயலிக்கு மாறியபோது மூன்று நாள் எல்லாப் பிள்ளைகளின் விவரமும் எல்லாப் பெற்றோருக்கும் திறந்துகிடந்ததாம். யார் வீட்டில் பார்த்தார்களோ, எந்தப் பிள்ளை எடுத்ததோ.

'மாணவரைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல விரும்புபவை' என்ற தலைப்பின் கீழ் மூன்று வரிகள்: 'தந்தை வீட்டை விட்டுச் சென்ற பிறகு, பத்து வயது வரை இரவில் படுக்கையை நனைத்து வந்தாள். இதற்காக ஓராண்டு மனநல ஆலோசனை பெற்றாள். தனித்து விடப்படுவதற்கு அஞ்சுவாள், அன்புடன் அணுகவும்.'

காலையில் அவள் நாற்காலியில் குழந்தைகளுக்குப் போடும் ரப்பர் விரிப்பு ஒன்று கிடந்ததாம். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தாளாம். பின்வரிசையில் ஒருவன், நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம், பயப்படாமல் உட்கார் என்றானாம். சிரிப்பு அடங்கப் பாதி வகுப்பு போயிற்றாம். அழாமல் சொன்னாள்.

"யாரு எழுதினதுன்னு நான் கேக்கவே இல்லம்மா. படிச்சதும் தெரிஞ்சுபோச்சு. 'அன்புடன் அணுகவும்'னு உன்னைத் தவிர வேற யாரு எழுதுவா?"

அம்மா அடுப்பை அணைத்தாள். நான்கு வருடத்துக்கு முன்னால், மகளை அந்தப் பள்ளியில் சேர்த்த நாள் கண்முன் வந்தது. அந்த மூன்று வரியை எத்தனை முறை திருத்தினாள். அரைப்புள்ளி வைக்கலாமா, முற்றுப்புள்ளி வைக்கலாமா என்றுகூட யோசித்தாள். நல்ல டீச்சர் ஒருத்தி படிப்பாள், பிள்ளையின் தோளைத் தொடுவாள் என்று நினைத்தது நிஜம். அதற்கு அடியில் இன்னொரு நிஜமும் இருந்தது. அதை இப்போதுதான் அவள் தொட்டுப் பார்த்தாள். புருஷன் போனதைப் பற்றி, மகளின் ஆலோசகரிடம் ஒரு வரி சொன்னதைத் தவிர, அதுவரை அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை. யாரும் கேட்கவுமில்லை. அந்தக் கட்டம் கேட்டது. மகள் பெயரில் அவள் தன் பாரத்தைத்தான் இறக்கி வைத்தாள். எழுதி முடித்ததும் அன்று நெஞ்சு லேசாக இருந்ததே, அதை நினைக்க இப்போது கூசியது.

பள்ளிக்குப் போய்க் கேட்டபோது தலைமையாசிரியை மரியாதையாகத்தான் பேசினார். தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம், சரிசெய்தாகிவிட்டது என்றார். பிள்ளைக்கு மனசு சரியில்லையென்றால் பள்ளியிலேயே ஆலோசகர் இருக்கிறார்; பிள்ளை பேசுவதை அவர் குறித்துக்கொண்டு அப்படியே செயலியில் ஏற்றிவிடுவார், வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கொள்ளிக்கட்டையால் தலை சொறிந்துகொள்ளச் சொன்னது மாதிரி இருந்தது.

மாடி வக்கீல் சின்ன வயசுக்காரர். அவருடைய கட்சிக்காரர்களுக்கு எல்லாம் அவள்தான் படிவம் நிரப்புகிறவள். முழுதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் கட்டத்துல சிவப்பு நட்சத்திரம் இருந்துச்சாக்கா?"

கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டத்துக்குத்தான் நட்சத்திரம் போட்டிருப்பார்கள். அது அவளைவிட யாருக்குத் தெரியும்?

"இல்ல தம்பி."

"அப்ப நீங்களா விரும்பிக் கொடுத்த தகவல்னு சொல்லுவாங்க. கீழ ஒத்துக்கறேன்னு டிக் வேற பண்ணியிருப்பீங்க."

பண்ணியிருந்தாள். ஊருக்கெல்லாம் படித்துச் சொல்லுகிறவள் அதை மட்டும் படிக்கவில்லை. ஆனாலும் வெளியே விட்டது அவர்கள் குற்றம்தான், சட்டம் இருக்கிறது, இணையத்தில் புகார் கொடுக்கலாம் என்றார் வக்கீல். வெளியான தகவல் முழுவதையும் அதில் எழுத வேண்டும், படத்தை இணைக்க வேண்டும், பள்ளிக்கும் பழைய, புதிய செயலி நிறுவனங்களுக்கும் நகல் போகும். எத்தனை பேர் படிப்பார்கள் என்று கேட்டாள். பத்து பேராவது இருப்பார்கள் என்றார்.

"என்னன்னு எழுதாம கொடுக்க முடியாதா?"

"என்ன வெளிய போச்சுன்னு சொல்லாம, போச்சுன்னு மட்டும் எப்படிக்கா சொல்றது?"

திங்கட்கிழமை பள்ளி விட்டு மகள் நேரே கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்தாள். அம்மா புகார்ப் படிவத்தின் மற்ற கட்டங்களை எல்லாம் நிரப்பியிருந்தாள். கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி. 'பாதிப்பை விரிவாக விவரிக்கவும்.' பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.

"எழுதட்டுமா கண்ணு? அவங்கள சும்மா விடக்கூடாது."

"இப்பதான் கேக்கத் தோணுச்சா?" என்றாள் மகள். பிறகு, "மறுபடியும் பத்து பேரு படிக்கணுமா? வேண்டாம்" என்றாள்.

அம்மா அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு புள்ளி வைத்து அனுப்பிப் பார்த்தாள். இருநூறு எழுத்துக்குக் குறையக் கூடாது என்று சிவப்பில் வந்தது. 'பொருந்தாது' என்று அடித்தாள். அதையும் ஏற்கவில்லை. பக்கத்தை மூடினாள். பள்ளி தப்பித்தது, செயலிக்காரர்களும் தப்பித்தார்கள். அவள் பாதியில் விட்ட முதல் படிவம் அது.

கடையைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் நடந்தார்கள். முன்பெல்லாம் இந்த வழி நெடுக மகள் வாய் ஓயாது. வகுப்பில் யார் யாரைக் கிள்ளியது என்பது வரை வந்துவிடும். இன்று தெருமுனை வரைக்கும் ஒரு சத்தமில்லை. அம்மாதான் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"இன்னிக்கு ஸ்கூல் எப்படி இருந்துச்சு?"

மகள் திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டே சொன்னாள்.

"பொருந்தாதுன்னு போட்டுக்கம்மா."