ஆறு குடத்துத் தோட்டம்

எழுபத்தொன்பதாம் வருஷம் வேங்கடேசன் திருவள்ளூரில் குழாய் வைத்த வீட்டுக்குக் குடிவந்துவிட்டார். திருகினால் தண்ணீர், மூடினால் நின்றுவிடும். செடியெல்லாம் கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி கேட்காமலே கொழுத்து வளர்ந்தன. அவருக்கென்னவோ அதில் ருசி தட்டவில்லை. பேரம் பேசாமல் வாங்கிய சாமான் மாதிரி இருந்தது. மனசு அடிக்கடி புதுவாயலுக்கு ஓடிவிடும், அறுபத்தெட்டாம் வருஷத்துக் கொல்லைக்கு.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கல்கத்தா ரோடு பிரியும் முனைக்குப் பின்னால் அவர் கட்டியிருந்த ஓட்டு வீட்டுக் கிணறு, விடிந்ததும் ஆறு குடம் தண்ணீர் கொடுக்கும். ஏழாவதாகக் கேட்டால் சேறு கொடுக்கும். லாரி ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். எளாவூர் செக்போஸ்ட் தாண்டிப் போகிற லாரிக்காரர்களிடம் வாதாடி வாதாடி நாக்கு தீட்டிய கத்தியாகியிருந்தது. ஆனால் வீட்டில் மனைவி பங்கஜவல்லியிடம் அந்தக் கத்தி வெண்ணெய்கூட வெட்டாது.

பங்கஜவல்லியின் அப்பா திருவள்ளூர்ப் பெருமாளுக்கு நந்தவனக் கைங்கர்யம் செய்தவர். தன் வீட்டு மண்ணில் பூத்ததைத் தொடுத்துத்தான் அவள் படத்துப் பெருமாளுக்குச் சாத்துவாள். கடைப்பூ வாசற்படி ஏறாது. புதுவாயல் வீட்டுக்கு வந்து நாலு மாதமாய்ப் பெருமாள் வெறுங்கழுத்தோடு நின்றார்.

"சித்திரை பொறக்கறதுக்குள்ள இந்த மண்ணுலேர்ந்து ஒரு முழம் மாலை வரணும். இல்லேன்னா நான் அப்பாவாத்துக்குப் போயிடறேன். நீங்க லாரியோட குடித்தனம் பண்ணுங்கோ" என்றாள் தை மாதத்தில் ஒருநாள். சிரிக்காமல் சொன்னாள். ஒருதரம் சொன்னதிலிருந்து இறங்குகிற ரகமில்லை அவள்.

வேங்கடேசன் பழைய லாரி ரசீதைத் திருப்பிப் போட்டு, கொல்லையைப் பென்சிலால் வரைந்தார். அவள் இருபத்திரண்டு செடியில் ஆரம்பித்தாள். அவர் இரண்டில் ஆரம்பித்தார்.

"ரெண்டு செடிக்குப் பேரு தோட்டமா?"

"ஆறு குடத்துல சமைச்சு, குளிச்சு, மிச்சம்தானே பங்கஜம் செடிக்கு? ரோஜா வேண்டாம். அது ஜமீன்தார் பொண்ணு, குடிச்சிண்டே இருக்கும்."

"ரோஜா போகட்டும். ரெண்டு மல்லி."

"ஒண்ணு."

"ரெண்டுன்னா ரெண்டு. கனகாம்பரத்தை விட்டுக்குடுத்துட்டேனோல்லியோ?"

எட்டில் படிந்தது. அப்புறம் எது எங்கே என்ற வழக்கு. ஒருதரம் வேர் பிடித்துவிட்டால் எதையும் கேட்காத அரளியும் நந்தியாவட்டையும் வேலியோரம். வாழையும் முருங்கையும் குளியலறைத் தண்ணீர் ஓடுகிற பக்கம். துளசியும் இரண்டு மல்லியும் ஒரு நித்தியமல்லியும் கிணற்றடியில், கிழிந்த கோணியையும் சருகையும் போர்த்திக்கொண்டு. குளித்த தண்ணீர், பாத்திரம் தேய்த்த தண்ணீர் எதுவும் பெருமாள் செடிப் பக்கம் வரக்கூடாதென்று பங்கஜவல்லி தீர்ப்புச் சொன்னாள். கிணற்றுத் தண்ணீரும் அரிசி களைந்த நீரும் மட்டும்தான். அதில் அந்த நாலு செடிக்கும் சேர்த்து ஒரு குடம் தேறியது. ஊற்றினால் மணல் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்று பார்த்தது.

கங்கம்மாள் பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து முனையில் விற்றுவிட்டுப் போகிறவள். வெயிலுக்கு அந்த வீட்டு வாசலில் நின்று ஒரு செம்பு மோர் குடிப்பாள்.

"இன்னா ஐயரூட்டம்மா, செடிக்கு ஊத்துறியா, மணலுக்கு சீமந்தம் பண்றியா?"

"ஐயர் இல்லடி, ஐயங்கார். எத்தனை தரம் சொல்றது?"

"இன்னாவோ ஒண்ணு. பானைய பொதச்சி அதுல ஊத்தும்மா. எங்க குப்பத்துல பூசணிக்கு அப்டித்தான். அடியில சின்னதா ஓட்டை, அதுல துணித் திரி. நாளெல்லாம் கசிஞ்சிக்கினே இருக்கும்."

"பானைக்கு எங்கே போறது?"

"எங்க ஊட்ல நாலு சும்மா கெடக்குது. எத்தாரேன்."

கொண்டுவந்தாள், சாம்பல் போட்டுப் பளிச்சென்று தேய்த்து. செடிக்கு ஒன்றாய்க் கழுத்துவரை புதைத்து, மேலே ஓடு வைத்து மூடினார்கள். பங்குனிக் கடைசியில் துளசி குடை விரித்தது. மல்லி மொட்டு வைத்தது. பெருமாள் கழுத்தில் முழம் மாலை ஏறிய காலையில், வேங்கடேசன் லாரி ஆபீஸில் யாரிடமும் சண்டை போடவில்லை.

நாலாம் நாள் மூன்று பூனைகள் வந்தன. வேலியோரம் போகவில்லை, வாழைக்குப் போகவில்லை. கிணற்றடியில் அந்த நாலு செடியின் அடியை மட்டும் பிறாண்டின. விரட்ட விரட்டத் திரும்பி வந்தன. பங்கஜவல்லி ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தாள். கங்கம்மாள் வருகிறவரை பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

"கங்கம்மா, அந்தப் பானையில என்ன பண்ணிண்டிருந்தே?"

"கொழம்பு."

"என்ன கொழம்பு?"

"இன்னாம்மா கேக்குற? எங்க ஊட்ல பாயசமா காச்சுவாங்க? மீன் கொழம்புதான். பானை கேட்ட, குடுத்தேன். பானைக்கு ஜாதகமா கேட்ட?" சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

மத்தியானம் சாப்பிட வந்த வேங்கடேசன், கூடத்தில் கட்டிவைத்த பெட்டியையும் படத்தில் வெறுங்கழுத்தையும் பார்த்தார். விஷயம் கேட்டுக்கொண்டு, தெரிந்த வியாபாரத்தில் இறங்கினார்.

"பங்கஜம், பெருமாளே முதல்ல மீனாத்தானே அவதாரம்..."

"அது அவதாரம். இது கொழம்பு."

"துளசிப் பானையை மட்டுமாவது எடுத்துட்டு, புதுசு வெக்கலாமே?" என்றார் கடைசியாக.

"நானே எடுக்கறேன்" என்று அவள் துளசியடியில் உட்கார்ந்து கையால் மண்ணை விலக்கினாள். பானை தெரியவில்லை. வெள்ளை வேர் தெரிந்தது. மயிர் மயிராய்ப் பானையைச் சுற்றி இறுக்கியிருந்தது. பக்கவாட்டில் இன்னும் ஆழமாய்த் துழாவினாள். அடியில், திரியைப் பிடித்துக்கொண்டே வேர் ஓட்டைக்குள்ளும் ஏறியிருந்தது. பானையை அசைத்தால் துளசி தலைவரை ஆடியது. எடுத்தால் இரண்டும் சேர்ந்துதான் வரும். வெளியே கங்கம்மாள் இன்னும் போகாமல் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

பங்கஜவல்லி வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"அப்பா நந்தவனத்துக்குக் குளத்துலேர்ந்துதான் எறைப்பார்" என்றாள், யாரிடமும் இல்லாமல். "குளம் பூரா மீன்."

"அதைத்தானே நானும்..."

"நீங்க சும்மா இருங்கோ. நீங்க பேசினா கெட்டுப்போயிடும்."

அவள் மண்ணை ஒவ்வொரு பிடியாய்த் திரும்பப் போட்டு மெத்தினாள். கிணற்றடிக் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு, அந்தப் பானையிலேயே ஊற்றினாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "மோர் அப்படியே இருக்கே, குடிக்கப்படாதா?" என்று கங்கம்மாளை அதட்டினாள்.

வேங்கடேசன் சத்தம் போடாமல் கூடத்துக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். கனமாகத்தான் இருந்தது.