சார்பாக ஒரு கை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை, ஒரே ஒரு சொல்லில் நான் கோட்டைவிட்டதால் பிறந்தது. எங்கள் நீச்சல் கிளப்பின் விதிகளைத் திருத்தி எழுத ஆள் தேடினார்கள். "நீங்கதான் கதையெல்லாம் எழுதுறீங்களே" என்று என் தலையில் கட்டினார்கள். நானும் உச்சி குளிர்ந்துபோய் எழுதினேன்: "பதினாறு வயது நிரம்பாத இளைய உறுப்பினர் சார்பாக, பெற்றோரில் ஒருவர் வாக்களிக்கலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். 'சார்பாக' என்றால் பிள்ளை சொன்னபடியா, பிள்ளைக்கு நல்லது என்று பெற்றோர் நினைத்தபடியா? ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுதியவனுக்கே தெரியாது.

2

முதல் தொடக்கம்: நீலத் தண்ணீரின் மேல் மாலை வெயில் மெல்ல...

(வேண்டாம். நீச்சல் குளம் என்றதும் வெயிலைக் கூப்பிட்டுவிடுகிறோம்.)

இரண்டாவது: அவள் பஸ் ஓட்டுபவள். பதினெட்டு வருடத்தில் பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அவளுடைய பதின்மூன்று வயது மகள், குளத்தின் உயரப் பலகையிலிருந்து குதிக்கப் படியேறுவாள், நுனி வரை போவாள், அப்படியே இறங்கி வந்துவிடுவாள். ஒன்றரை மாதமாக இதே கதைதான். ஒவ்வொரு முறையும் கீழே நிற்கும் அம்மாவுக்கு உயிர் போய் உயிர் வரும்.

இப்போது, ஆபத்து என்று சொல்லி அந்தப் பலகையையே கழற்றிவிடத் தீர்மானம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு.

3

(பஸ்ஸே ஓட்டுகிறவள் இவ்வளவு பயப்படுவாளா? பயப்படுவாள். பிரேக் தன் காலடியில் இல்லாத இடத்தில் கூடுதலாகவே.)

"கழட்டத்தான் கை தூக்கப் போறேன்," என்றாள் அம்மா, மகளின் ஈரத் துண்டைப் பிழிந்தபடி.

"அது என் ஓட்டும்மா."

"உன் ஓட்டுதான். போடுறது நான்."

"பஸ்ஸும் நீதான் ஓட்டுறே. முன்னாடி பலகையில எந்த ஊர் போட்டிருக்கோ அங்கதானே போறே? உன் இஷ்டத்துக்குத் திருப்புவியா?"

"அது வேற."

"இந்த ஓட்டுக்கும் பலகையில எழுதுறது நான்தான்."

அம்மா துண்டை மறுபடியும் பிழிந்தாள். அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

4

கழற்ற வேண்டும் என்று இருபத்தொரு கை. கூடாது என்று இருபத்தொரு கை. தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பஸ் அம்மா, நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

அவள் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்டி, மேல போய் நின்னா பயமா இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்புறம் எதுக்கு அது வேணுங்கிறே?"

"நான் இன்னும் குதிக்கலையேம்மா. அதைக் கழட்டிட்டா, இறங்கினவ இறங்கினவளாவே இருந்துடுவேன்."

அம்மா எழுந்தாள். எழுந்து, தன் வலது...

முடிவு ஒன்று: பலகை கழற்றப்படுகிறது. மகள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முடிவு இரண்டு: பலகை தப்புகிறது. மகள் குதிக்கிறாள். ஊரே கைதட்டுகிறது. (கதை மாதிரியே இருக்கிறது. அதுதான் குறை.)

5

இன்னும் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குப் பஸ் ஓட்டத் தெரியாது. கை தூக்கத் தெரியும். எங்கள் கிளப்பில் எண்ணிக்கை சமமாக நின்றபோது, கடைசியாக, மகள் சார்பாக உயர்ந்த கை என்னுடையது. என் மகள் பின்வரிசையில்தான் இருந்தாள். நான் திரும்பவே இல்லை. பலகை இருந்த இடத்தில் இப்போது நான்கு போல்ட்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

இதுவரை எழுதியதை அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"கதையிலயாவது கேட்டீங்களேப்பா," என்றாள்.

முடிவை நீயே எழுது என்று பேனாவை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"படிக்கிறவங்க கை தூக்கட்டும்ப்பா. ஆனா யார் தூக்கினாலும், முதல்ல பின்வரிசையைப் பார்க்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். பஸ் அம்மா நின்றுகொண்டிருக்கிறாள். கை இன்னும் கீழேதான் இருக்கிறது.