சலிலோவோடு போன ஓதம்

சலிலோ எந்த ஊர் மாநாட்டு மண்டபத்தில் உட்கார்ந்தாலும், இங்கே துவாலுத் தீவுகளின் தலைநகர் ஃபுனாஃபுட்டியில் ஓதம் ஏறும் நேரத்துக்கு, அவள் நாற்காலியைச் சுற்றித் தரைவிரிப்பின் அடியிலிருந்து கடல்நீர் குமிழியிட்டுக் கிளம்பும். கணுக்கால் வரை ஏறி, ஆறு மணி நேரத்தில் வற்றிவிடும். முதல் தடவை 2013 பிப்ரவரியில், பனி கொட்டிய ஓர் ஊரில், கட்டடத்தின் நான்காவது மாடியில் நடந்தது. குழாய் பார்க்கிறவர்கள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். ஒருவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "உப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே மின்கம்பிகளையெல்லாம் மேசை மேல் ஏற்றிக் கட்டிவிட்டார்கள். எல்லோரும் கால்சட்டையை மடித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அரசாங்கத்தின் தொலைத்தொடர்புப் பிரிவில் இரண்டாம் நிலை அதிகாரி. மேலதிகாரிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாததால் இவளை அனுப்பினார்கள். இணையத்தின் பெயர்களையும் எண்களையும் கவனித்துக்கொள்ளும் உலக சபை அது. உலகத்தை ஐந்து மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஒரு குரல் என்று வைத்திருந்தார்கள். பதினோராயிரம் பேர் கொண்ட எங்கள் துவாலு, உலக ஜனத்தொகையில் பாதிக்கும் மேல் அடங்கிய மண்டலத்தில் இருந்தது. மண்டலத் தலைவர் வெஸ்டன் தன்மையான மனிதர். "சலிலோ, இந்தத் தடவை நேரம் போயிடுச்சு. அடுத்த தடவை முதல்ல நீங்கதான்" என்று ஆறு வருடமும், ஆறு ஊரிலும், அதே சிரிப்போடு சொன்னார். அவள் எழுதிக் கொடுத்த மூன்று பக்கம் மண்டல அறிக்கையில் மூன்று வரியானது. பிறகு ஒரு வரியானது. ஆறாவது வருடம் "உள்ளிட்ட" என்ற ஒரு சொல்லாக நின்றது.

அவள் புருஷன் பெனிதாலா விமான நிலையத்தில் சங்கு ஊதுகிறவன். விமானம் இறங்கும் முன் ஓடுபாதையில் பந்து விளையாடுகிறவர்களையும் பன்றிகளையும் விரட்டுவது அவன் பொறுப்பு.

"வீட்டுக்குள்ள வர்ற தண்ணி போதாதுன்னு ஊர் ஊரா வேற தூக்கிட்டுப் போறியா?" என்பான்.

"நான் தூக்கல. அதுவா வருது."

"பேசுனியா?"

"என் முறை வரல."

"அப்ப தண்ணிதான் பேசிட்டு வந்திருக்கு."

அவள் சிரிக்க மாட்டாள். ஊருக்குத் திரும்பினால் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டு ஓடுபாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடப்பாள். போனால் எப்போது திரும்புவோம் என்றும், வந்தால் எப்போது போவோம் என்றும் இருந்தது. ஆறு வருடமும் அப்படியே போயிற்று.

2019இல் இரண்டு காரியங்கள் ஒரே வாரத்தில் வந்தன. நியூசிலாந்துக் குலுக்கலில் பெனிதாலாவின் பெயர் விழுந்தது. குடும்பத்தோடு ஆக்லாந்தில் குடியேறலாம், ஆனால் குறித்த தேதிக்குள் போய் இறங்க வேண்டும். அதே வாரத்தில் உலக சபை ஒரு தீர்மானத்தை ஓட்டுக்கு விடப்போவதாக அறிவித்தது: குடியிருக்க நிலம் இல்லாமல் போகும் நாடுகளுக்கு, இணைய முகவரியின் கடைசியில் நாட்டைக் குறித்து வரும் இரண்டு எழுத்தை ஐந்து வருடத்துக்குள் எடுத்துவிடலாம். ஓட்டெடுப்பும் அந்தக் குறித்த தேதியை ஒட்டியே வந்தது.

"ரெண்டு எழுத்துக்காகப் புள்ளைய விட்டுட்டுப் போறியா?" என்றான் பெனிதாலா. பெட்டி கட்டிக்கொண்டிருந்த மகள் தேமானாவுக்குப் பதினொரு வயது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மண்ணு போனப்புறம் இவ எந்த ஊர்னு கேட்டா, காட்டுறதுக்கு அந்த ரெண்டு எழுத்துதான் இருக்கும்."

"கேட்டா அவ சொல்லிக்குவா. நீ கூட இருக்கணும்ல?"

 தகப்பனும் மகளும் செவ்வாய்க்கிழமை விமானத்தில் போனார்கள். சலிலோ அடுத்த விமானத்தில் வேறு பக்கம் போனாள்.

ஓட்டெடுப்பன்று காலை வெஸ்டன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க. இன்னைக்கு வெளித் தாழ்வாரத்துல உட்கார்ந்து திரையில பாத்துக்கறீங்களா? எல்லாருக்கும் காலு நனையுது."

"எனக்கும்தான் நனையுது" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். கரீபியன் கடலிலிருந்தும் இந்தியப் பெருங்கடலிலிருந்தும் வந்திருந்த சின்னத் தீவுக்காரர்கள் ஒன்பது பேர், யாரும் கூப்பிடாமலே, தங்கள் மண்டல வரிசைகளை விட்டு எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

பதினொரு மணிக்கு ஓதம் ஏறியது. அன்றைக்குக் கணுக்காலோடு நிற்காமல் முழங்காலுக்கு வந்தது. மரக்கதவுகள் ஊறி உப்பிக்கொண்டன. வெளியிலிருந்து நான்கு பேர் இழுத்தும் திறக்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பிரதிநிதிகளும் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு மேசைகள் மேல் ஏறி உட்கார்ந்தார்கள்.

"இது எப்ப வத்தும்?" என்று கேட்டார் வெஸ்டன். ஆறு வருடத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ள அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அஞ்சு மணிக்கு."

"அதுவரைக்கும் என்ன செய்வீங்க, உங்க ஊர்ல?"

"பேசிட்டு இருப்போம்."

இரண்டு நிமிடம் கிடைக்காத சலிலோ அன்று ஆறு மணி நேரம் பேசினாள். புலாக்கா கிழங்குக் குழிகளில் உப்பேறிய வருடங்களைச் சொன்னாள். அப்பாவின் கல்லறை இப்போது கடலில் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று சொன்னாள். பள்ளிக்கூடப் பதிவும் நிலப் பத்திரமும் பிறப்புச் சான்றும் அந்த இரண்டு எழுத்துக்குக் கீழேதான் இருக்கின்றன என்றாள். நடுவில் ஒரு தடவை, மகளை விட்டுவிட்டு வந்ததைச் சொல்லப் போய், நிறுத்திவிட்டாள். மற்ற தீவுக்காரர்கள் தங்கள் கதையை எடுத்துக்கொண்டார்கள். மூன்று மணிவாக்கில் யாரோ பிஸ்கட் பொட்டலம் ஒன்றை மேசைக்கு மேசை தூக்கிப் போட்டார்கள்.

ஐந்து மணிக்கு நீர் வற்றியது. ஐந்தேகாலுக்குத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த வருடம் முப்பத்துச் சொச்சம் சின்னத் தீவு நாடுகளைச் சேர்த்து ஆறாவது மண்டலம் பிறந்தது. வெஸ்டனே முன்மொழிந்தார். அதற்கப்புறம் நிகழ்ச்சி நிரலில் சாப்பாட்டு நேரத்துக்குக் கீழே ஃபுனாஃபுட்டியின் ஓத நேரத்தையும் அச்சிட்டார்கள்.

பிரிந்த நாளிலிருந்து எட்டு மாதம் தேமானா அம்மாவோடு தொலைபேசியில் பேசவில்லை. ஒன்பதாம் மாதம் சலிலோ ஆக்லாந்துக்குப் போனாள். வாசலில் நின்ற மகள் அம்மாவின் பையை வாங்கிக்கொண்டாளே தவிர, முகத்தைப் பார்க்கவில்லை. சலிலோ அடுக்களையில் நாற்காலி நுனியில், இப்போதே எழுந்து போகிறவளைப் போல உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் தரைப்பலகை இடுக்குகளில் நீர் குமிழியிட்டது. பெனிதாலா அரிசி மூட்டையைத் தூக்கி மேசை மேல் வைத்தான். தேமானா அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து, கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

"ஆறு மணி நேரம் ஆகும்ல?" என்றாள்.

"ஆகும்."

"சரி. சொல்லு."