ஏர்கூலருக்கு முன்னால் ஒரு ஸ்டாண்ட்

லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் அந்தப் பச்சை ஸ்டிக்கர் கஸ்வானின் கண்ணில் பட்டது. பருப்பு அளவுதான் இருக்கும். அடிப்பக்கத்து நடு ஸ்குருவின் தலையில் கச்சிதமாக ஒட்டியிருந்தது. ஈராக்கின் பஸ்ராவில் லேப்டாப் பழுது பார்க்கிறவன் எவனாக இருந்தாலும் வேலை முடிந்ததும் அந்த ஒரு ஸ்குருவின்மேல் தன் கடை ஸ்டிக்கரை ஒட்டிவிடுவான். வேறு யாராவது திறந்தால் கிழிந்துவிடும். அப்புறம் உத்தரவாதம் கேட்டு வர முடியாது. கஸ்வானின் ஸ்டிக்கர் மஞ்சள். பச்சை, எதிர்க்கடை ஸர்மதுடையது.

அதுவும் யாருடைய லேப்டாப்? கட்டின மனைவி ஷதாவின் லேப்டாப்! ஊரில் உள்ள லேப்டாப் சூட்டையெல்லாம் நானே இறக்குவேன் என்று பதினான்கு வருஷமாகக் கடை போட்டிருக்கிறவனின் வீட்டுப் பொருள், எதிராளியின் மேஜைக்குப் போய் மல்லாந்து படுத்துவிட்டு வந்திருக்கிறது. கஸ்வானுக்குக் காதுமடல் வரை சூடேறியது.

ஷதா சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். இரண்டு எட்டு வைத்துப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாளே! அந்தப் பதிலைக் கேட்கத் தைரியம் வேண்டும். லேப்டாப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினான்.

"வெயில் ஏறுறதுக்குள்ள ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போங்களேன்."

"பசிக்கல."

பசியில்லாமல் இல்லை. ஆனால் வயிறு எரிச்சலில் மும்முரமாக இருந்தது.

இந்த ஸர்மத் இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் வந்தான். கண்ணாடிக் கதவு, சுவரோரம் நாலு நாற்காலி, மெதுவான பேச்சு. லேப்டாப் சூடாகிறது என்று யாராவது வந்தால் உடனே திறக்கமாட்டான். எங்கே வைத்து வேலை செய்கிறீர்கள், மெத்தைமேலா, மடியிலா, ஜன்னல் பக்கமா என்று வைத்தியர் மாதிரி விசாரிப்பான். கஸ்வானுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. வாங்குவான், திறப்பான், விசிறியில் அடைந்த தூசியை ஊதித் தள்ளுவான், சிப்பின் சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் பேஸ்ட் காய்ந்திருந்தால் சுரண்டிவிட்டுப் புது பேஸ்ட் தடவுவான், மூடுவான். நடுவில் ஆள் வாய் திறந்தால், "நீ மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா?" என்பான். கைவேலை சுத்தம். வாய்தான் மோசம்.

ஷதாவின் லேப்டாப்புக்கும் அப்படித்தான் செய்தான். அவள் பள்ளிக்கூட டீச்சர். மூன்று வருஷமாக முதுகலைப் பட்டத்துக்கு ஆய்வு எழுதிக்கொண்டிருந்தாள். தேர்வாளர்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லவேண்டிய நாள் அடுத்த ஞாயிறு. எழுத்து வேலை உச்சத்தில் இருந்த ஜூனில் லேப்டாப் சண்டித்தனம் பண்ண ஆரம்பித்தது. பத்து நிமிஷம் ஓடும், தோசைக்கல் போலக் கொதிக்கும், பட்டென்று அணைந்துவிடும். கஸ்வான் இரண்டு தடவை திறந்து சுத்தம் செய்தான். ஒரு வாரம் நன்றாக இருந்தது, மறுபடி கொதித்தது. ஐம்பது டிகிரி வெயிலில் மனுஷனே அணைந்துபோகிறான், பாவம் லேப்டாப் என்ன செய்யும்?

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஏர்கூலர். மின்சாரம் அடிக்கடி போகிற ஊர், தெரு ஜெனரேட்டரிலிருந்து வரும் லைன் அதற்குமேல் தாங்காது. வெல்டரிடம் சொல்லி இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்பு ஸ்டாண்ட் செய்தான். ஏர்கூலரின் வாய்க்கு நேரே, ஒரு முழ தூரத்தில் நிறுத்தினான். அதன்மேல் லேப்டாப், பின்னால் ஷதா. ஈரக்காற்று முழுவதும் அவர்கள் இருவருக்கும். தான் எதிர்மூலையில் பனியன் நனைய உட்கார்ந்து அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து தன்னைப் பற்றி அவ்வளவு பெருமை அவனுக்கு வந்ததேயில்லை.

அந்தப் பெருமை வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கடை வாசலிலும் ஒரு ஸ்டாண்டைத் தொங்கவிட்டு, "கஸ்வான் ஸ்டாண்ட், இனி லேப்டாப் கொதிக்காது" என்று எழுதிவைத்தான். வந்தவர்களுக்கெல்லாம் ஒன்று தலையில் கட்டினான். அதன்பிறகு அவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. "பாத்தியா, எல்லாருக்கும் குணமாயிடுச்சு!" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டான். குணமானால் சரி. ஆனால் எதிர்க்கடையில் மட்டும் ஏன் இப்படிக் கூட்டம்? ஜூலை பாதியிலிருந்து ஸர்மதின் நாலு நாற்காலியும் போதவில்லை. கஸ்வான் ஈ ஓட்டியபடி அந்தக் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பான். கதவு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அவனுக்குள் ஏதோ ஒன்று கருகும்.

அன்றைக்குக் கடையைத் திறந்த கையோடு தேநீர்க்காரன் ஜாஸிப் வந்தான். தெருவில் எந்தத் தும்மல் எந்தக் கடையிலிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய ஆள். கைத்தொழில் தெரிந்த யாரையும் ‘உஸ்தா’, அதாவது மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவான்.

"என்ன உஸ்தா, மூஞ்சி உப்பிக் கெடக்கு? ராத்திரி மெத்தைல எடம் கெடைக்கலியா?"

"டீய வெச்சுட்டு எடத்தக் காலி பண்ணு."

"சரி சரி. வீட்டம்மாவோட லேப்டாப் இப்ப சமத்தா ஓடுதா?"

கஸ்வானின் கை நின்றது. "உனக்கெப்படித் தெரியும்?"

ஜாஸிப் நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்த நாக்கு சும்மா இருந்தால்தானே! "போன திங்கக்கெழம ஸர்மத் கடைக்கு வந்தாங்களே. மூணு டீ கொண்டுபோனது நான்தான். அவன் கூடப்பொறந்தவதான் அன்னிக்குக் கணக்கு பாத்துட்டு இருந்தா. மூணு பேரும் ஒரே சிரிப்பு. உங்க வீட்டம்மா இவ்வளவு நல்லா சிரிப்பாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது உஸ்தா!"

தனக்கும் தெரியாது என்று கஸ்வானுக்குத் தோன்றியது. மூன்று மாசமாக வீட்டில் சிரிப்புச் சத்தமே கேட்கவில்லை. ஆய்வுப் பளு என்று நினைத்திருந்தான். சிரிப்பெல்லாம் எதிர்க்கடைக்குப் போயிருக்கிறது! லேப்டாப்பைக் கொடுத்ததைக்கூட மன்னித்துவிடலாம். எதைச் சொல்லிச் சிரித்தாள்? யாரைப் பற்றிச் சிரித்தாள்? அவள் கண்ணில் இனிமேல் தான் யார்? தன் வீட்டு லேப்டாப்பையே சரி செய்யத் துப்பில்லாதவனா?

தேநீரை அப்படியே விட்டுவிட்டுத் தெருவைக் கடந்தான்.

நல்லவேளை, கண்ணாடிக் கதவுக்குள் வேறு யாரும் இல்லை. ஸர்மத் எழுந்து நின்றான். "வாங்க உஸ்தா, வாங்க! என் கட வாசப்படிய இன்னிக்குத்தான் மிதிச்சிருக்கீங்க!" உட்காரவைத்தான். தன் கையாலேயே சின்னக் கண்ணாடிக் குவளையில் தேநீர் ஊற்றிச் சர்க்கரை போட்டு முன்னால் வைத்தான்.

கஸ்வான் குவளையை எடுத்தான், உதட்டுக்குக் கொண்டுபோகாமல் மேஜைமேல் திருப்பி வைத்தான்.

ஸர்மதின் முகம் மாறியது. இது விளையாட்டுக் காரியமில்லை. கேட்க வந்ததைக் கொடுக்கும் வரை உன் வீட்டில் வாய் நனைக்கமாட்டேன் என்று அர்த்தம். பெண் கேட்கவும் பகை தீர்க்கவும் போகிற பெரிய மனுஷர்கள் செய்கிற வேலை. லேப்டாப் கடையில் இதுவரை எவனும் செய்ததில்லை.

"குடிங்க உஸ்தா. எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்."

"எம் பொண்டாட்டி லேப்டாப்ல என்ன கோளாறு? அவ உன்கிட்ட என்ன சொன்னா? அதச் சொல்லு, குடிக்கிறேன்."

"பேஸ்ட் காஞ்சிருந்துச்சு. அவ்வளவுதான்."

"பேஸ்ட நான் தடவினேன்டா! என் பேஸ்ட் காயாது!"

ஸர்மத் நெற்றியைத் தேய்த்தான். "உஸ்தா, அவங்க என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்காங்க. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

யார்கிட்டயும் என்றால் யார்? புருஷனிடம்! தன் மனைவிக்கும் இந்தப் பயலுக்கும் நடுவில் ஒரு ரகசியம், அதற்கு வெளியே தான். கஸ்வான் குவளையை இன்னும் ஒரு விரற்கடை தள்ளி வைத்தான். "அப்ப இது இங்கேயே இருக்கட்டும். தெருவுல போறவன் வரவன் எல்லாம் பாக்கட்டும். கஸ்வான் கேட்டு ஸர்மத் இல்லைன்னு சொன்னான்னு பேசட்டும்."

ஸர்மத் பெருமூச்சு விட்டுக் கீழே குனிந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்தான். "வாயால சொல்லமாட்டேன்னுதான் வாக்கு. நீங்களா பாத்துக்கிட்டா நான் என்ன பண்ண முடியும்?"

டப்பா நிறையச் செம்புச் சீப்புகள். லேப்டாப்புக்குள் விசிறிக்கு எதிரே உட்கார்ந்து சூட்டை வெளியே தள்ளுகிற சின்னத் தகடுகள். ஒவ்வொன்றிலும் பேர் எழுதிய ஒரு காகிதத் துண்டு கட்டியிருந்தது. கஸ்வான் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். சீப்பின் பல்லிடுக்கெல்லாம் சேறு இறுகிக் கல்லாகியிருந்தது. அதன்மேல் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. செம்பு பச்சை பிடித்து அரித்துப்போயிருந்தது. நகத்தால் கீறினான். நூல் போல ஒரு நார் வந்தது.

தொழில்காரனுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. அது ஏர்கூலரின் பக்கவாட்டில் அடைக்கிற வைக்கோல் நார். ஏர்கூலரில் ஊற்றுவது குழாய்த் தண்ணீர். பஸ்ராவின் குழாய்த் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று பல் விளக்குகிற குழந்தைக்குத் தெரியும். அந்த ஈரத்தையும் உப்பையும் தூசியையும் லேப்டாப்பின் மூக்குக்கு நேரே பிடித்து, நாள் முழுக்க ஊது ஊது என்று ஊதவைத்தது யார்?

காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தான். பல் டாக்டர் வத்தாஹ். மருந்துக்கடை நிஹாத். மொழிபெயர்ப்பாளர் இல்ஹாம். பதினொரு பேர். பதினொரு பேருக்கும் தன் கையால் ஸ்டாண்ட் கொடுத்திருந்தான். இரண்டு மாசமாகத் தன் வயிற்றெரிச்சலைக் கிளப்பிய கூட்டம் முழுவதும் அவனே கூட்டி அனுப்பிய கூட்டம். பன்னிரண்டாவது துண்டில் ஷதாவின் பேர் இருந்தது.

"எங்கிட்ட ஏன் யாரும் வரல?" கஸ்வான் துண்டுகளை டப்பாவில் திருப்பிப் போட்டான்.

"வந்தா திட்டுவீங்கன்னு பயம் உஸ்தா."

"நீ ஏன் சொல்லல? என் போர்டுக்குக் கீழ நின்னு சொல்லிச் சிரிச்சிருக்கலாமே?"

"சொல்லலாம்னு ரெண்டு தரம் தெருவத் தாண்டினேன். ரெண்டு தரமும் நீங்க என்னப் பாத்த பார்வையில திரும்பிட்டேன்."

கஸ்வான் எழப் போனான். ஸர்மத் தயங்கித் தயங்கிக் குவளையைக் காட்டினான். "உஸ்தா, கேட்டது கெடைச்சிடுச்சே."

கேட்டது கிடைத்தால் குடித்தாக வேண்டும். இல்லையென்றால் அது அவமதிப்பு. கஸ்வான் நின்றபடியே ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தான். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு அவன் எதையும் விழுங்கியதில்லை.

உச்சிவெயிலில் வீட்டுக்குப் போனான். அந்த நேரத்துக்கு அவன் வருகிற வழக்கமில்லை. கூடத்தில் ஏர்கூலர் இரைந்துகொண்டிருந்தது. அதன் எதிரே அவனுடைய இரும்பு ஸ்டாண்டின்மேல் லேப்டாப் இல்லை. ஒரு தர்பூசணி சொகுசாகக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. ஷதா பின்னறையில், காற்று எட்டாத இடத்தில், வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள். லேப்டாப்பின் நாலு மூலைக்கும் நாலு பாட்டில் மூடி முட்டுக் கொடுத்திருந்தது. அடியில் காற்றோட்டம் வேண்டுமே! அது அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில்தான் வேர்வை வழிந்தது.

அவனைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழுந்தாள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கூடத்துப் பக்கம் ஓரடி வைத்தாள். ஸ்டாண்டில் வைக்கத்தான் போகிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. தினமும் தன் காலடிச் சத்தம் கேட்டு இதைத்தான் செய்திருக்கிறாள்.

"வேணாம், உக்காரு. டப்பாவப் பாத்துட்டேன்."

அவள் அப்படியே நின்றாள். "சொன்னானா?"

"சொல்லல. காட்டினான்." "உனக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அவன்கிட்டப் போய்ச் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னியே!"

"என் ஆய்வு எதப் பத்தி, சொல்லுங்க பாப்போம்?"

அவனுக்கு ஏதோ ஆற்றைப் பற்றி என்று நினைவு.

"உப்பு! ஆத்துத் தண்ணியில ஏறுற உப்பு! மூணு வருஷமா உப்ப அளந்துட்டு இருக்கேன். எம் புருஷன் அதையே எடுத்து என் லேப்டாப் மேல ஊதறாரு. அழுறதா சிரிக்கிறதா? அங்க உக்காந்து சிரிச்சேன், ஆமா." குரல் இறங்கியது. "ஒரே ஒரு ஏர்கூலர். அத எனக்குத் திருப்பி வெச்சுட்டு நீங்க மூலையில வெந்துக்கிட்டு, என்னமோ அரமன கட்டிக் குடுத்த மாதிரி உக்காந்திருந்தீங்க. அந்த மூஞ்சியப் பாத்து எப்படிங்க சொல்லுவேன்?"

கஸ்வான் கூடத்துக்குப் போய்த் தர்பூசணியை இறக்கிவிட்டு ஸ்டாண்டைத் தூக்கி வெளியே கிடாசினான். ஏர்கூலரைப் பின்னறை வாசல் வரை இழுத்து, லேப்டாப்பின்மேல் படாமல் அவள் முதுகில் மட்டும் படும்படி ஓரமாகத் திருப்பி வைத்தான். பிறகு கத்தி எடுத்துப் பழத்தைப் பிளந்தான். நடுவில் விதையில்லாத அந்தச் செக்கச்சிவந்த பகுதியை வழக்கம்போல அவளுக்கென்று வெட்டி எடுத்தான்.

"அத ஸர்மதுக்குக் கொண்டுபோய்க் குடுங்க" என்றாள் ஷதா.

"நடுத்துண்டையா? அவனுக்கா?"

"பதினோரு பேர்கிட்டயும் உங்க பேரக் காப்பாத்தியிருக்கான். ஒருத்தன்கிட்டயும் ஸ்டாண்டாலன்னு சொல்லலியாம், தூசின்னுதான் சொல்லியிருக்கான். என்கிட்ட மட்டும் ஒளிக்க முடியல."

கஸ்வான் அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு தட்டில் வைத்து மூடி, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். கடைத்தெருவில் முதலில் தன் வாசலில் தொங்கிய ஸ்டாண்டையும் பலகையையும் கழற்றி உள்ளே எறிந்தான். அப்புறம் தெருவைக் கடந்தான். கண்ணாடிக் கதவுக்குள் இப்போது மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் அவனுடைய பழைய வாடிக்கைக்காரர்கள். பார்த்ததும் வயிறு பழையபடி எரிய ஆரம்பித்தது. அந்த எரிச்சலோடேயே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், தட்டை ஸர்மதின் முன்னால் வைத்தான்.