பெயர்க்கல் பதித்த சுவர்

குறிகட்டுவான் துறையில் வள்ளத்துக்குக் காத்திருக்கிற சனத்துக்கென்று ஒரு மண்டபம் இருந்தது. சனம் அதற்குள் இருப்பதில்லை. வெயில் சாய்ந்ததும் மண்டபத்தின் நிழல் வீதிப்பக்கம் விழும். அந்த நிழலில், வெறும் நிலத்தில், பைகளையும் பிள்ளைகளையும் மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருப்பார்கள். உள்ளே இருப்பதற்கென்று கட்டிய மூன்று சீமெந்து வாங்குகள் காலியாகக் கிடக்கும். வீதிப்பக்கம் மட்டும்தான் திறப்பு. மற்ற மூன்று பக்கமும் சுவர், தலைக்கு மேலே கொங்கிறீற் தட்டு. கடல் பத்து அடியில் இருந்தும் உள்ளே மூச்சுவிடக் காற்றில்லை.

அதைக் கட்டியவன் நயினாதீவு மேசன் குலசிங்கம். வேறு யாரும் கட்டியிருந்தால் வாய் நிறையத் திட்டிவிட்டுப் போயிருப்பான். தன் கையால் வைத்த கல்லை எப்படித் திட்டுவது? ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகவும் வரவும் அந்தத் துறையைத்தான் மிதிக்கவேண்டும். வள்ளக்காரன் எமிலியானுஸ் அவனைக் கண்டால் விடமாட்டான்.

“உங்கட மண்டபத்தில பாண் போட்டாலும் வேகும் அண்ணை. ஒரு பேக்கரிக்காரனுக்குக் குடுங்கோவன்.”

எல்லோரும் சிரிப்பார்கள். குலசிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு போய் வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் இருப்பான்.

அவன் சொல்லாமல் கட்டவில்லை. எண்பத்திரண்டில் அத்திவாரம் வெட்டிய அன்றே, அரசாங்க வேலைகளைப் பார்க்கும் ஓவசியர் தம்பிராசாவிடம் சொன்னான்.

“ஐயா, சோளகக் காத்து கடல்பக்கத்தாலதான் அடிக்கும். அந்தப் பக்கம் சுவர் வேண்டாம். தூணோட விடுவம்.”

“இது நுவரெலியாவில பஸ்ஸுக்கு நிக்கிற சனத்துக்கெண்டு கீறின பிளான். பாஸ் பண்ணியாச்சு. நீர் கட்டும்.”

“அங்க குளிர் ஐயா. காத்தை மறிக்கத்தான் வேணும். இஞ்ச என்னத்துக்கு மறிக்கிறது?”

“பின்னச் சுவர் இல்லாமல் பேர்க்கல்லை எங்க பதிக்கிறது? காத்திலேயோ?”

கட்டினான். கடல்பக்கச் சுவரின் நடுவில், திறந்து வைத்த பெரியவரின் பெயரோடு சலவைக்கல்லும் பதித்தான். படம் பிடித்தார்கள், மாலை போட்டார்கள், போனார்கள். அதற்குள் அரை மணித்தியாலம் இருந்து பார்க்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

இரண்டு வருடம் பொறுத்தான். பிறகு அவன் மனைவி சிவக்கொழுந்துவுக்கு எட்டாம் மாதம் வந்தது. முதல் இரண்டு பிள்ளைகளும் வயிற்றில் நிலைக்கவில்லை. அதனால் வியாழக்கிழமை தவறாமல் யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பஸ் அவளைத் துறையில் இறக்கிவிடும்போது பன்னிரண்டரை. வள்ளம் இரண்டரைக்கு. அந்த உச்சி நேரத்தில் வெளியிலும் நிழல் இல்லை. ஆடி மாதத்தின் முதல் வியாழன் அவள் வேறு வழியில்லாமல் மண்டபத்துக்குள் போய் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் வாங்கில் இருந்தபடியே சரிந்து விழுந்துவிட்டாள். மீன் விற்கிற றோசம்மாதான் ஓடிப்போய்த் தூக்கி, வெளியே காற்றில் கிடத்தி, சேலைத்தலைப்பால் வெயிலை மறைத்து, முகத்தில் தண்ணீர் அடித்தவள்.

அடுத்த நாள் குலசிங்கம் பட்டணத்தில் ஓவசியர் இருக்கும் கந்தோருக்குப் போனான்.

“பேர்க்கல் இருக்கிற சுவரில கை வைக்க ஏலாது. மனு எழுதித் தாரும், பாப்பம்,” என்றார் தம்பிராசா.

“மூண்டு மனு தந்தனான் ஐயா.”

“நாலாவதைத் தாரும்.”

அவன் எழுதவில்லை. புதன்கிழமை பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, உளியும் சுத்தியலுமாக வந்தான். தட்டைத் தாங்குவது தூண்கள்தான் என்று கட்டியவனுக்குத் தெரியாதா? பெயர்க்கல்லுக்கு ஒரு கீறல் விழாமல், அதைச் சுற்றி ஒன்று விட்டு ஒன்றாகக் கல்லைக் கழற்றினான். அப்படிக் கழற்றினால் காற்று வரும், வெயில் அதிகம் வராது. முதல் கல் கழன்றதும் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. இரண்டு வருடமாக இந்தச் சனத்தை அவித்தது இந்த ஒரு சாண் கல்தானா என்று நினைக்க அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ஆத்திரத்தில் பொழுதுபடும் முன்னர் நாற்பது கல் கழற்றினான்.

வியாழன் ஒரு மணிக்குத் தம்பிராசா ஜீப்பில் வந்து இறங்கினார். மண்டபத்துக்குள் சனம் நிறைந்திருந்தது. கடல்பக்க வாங்கில் சிவக்கொழுந்து காலை நீட்டிச் சுவரோடு சாய்ந்து நித்திரையாய் இருந்தாள். குலசிங்கம் அவளுக்குப் பக்கத்தில் இருந்தான்.

ஓவசியர் சுவரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். றோசம்மா ஒதுங்கிக் கொடுத்த இடத்தில் இருந்துகொண்டு பைலைத் திறந்தார். கொலர் பொத்தானைக் கழற்றினார். இன்னொன்றையும் கழற்றினார். வியர்வை காய, ஆறுதலாக ஒரு பக்கம் எழுதி முடித்து அவனிடம் நீட்டினார்.

“அரசாங்கச் சுவரை உடைச்சனான் எண்டு எழுதியிருக்கு. கையெழுத்து வையும்.”

குலசிங்கம் எழுத்துக் கூட்டிக் கடைசிவரி வரைக்கும் வாசித்தான்.

“உடைச்சது நான்தான். ஆனா, உடைச்ச பிறகு காத்து வருதெண்டு இதில இல்லையே.”

“அது எழுதிற விசயமில்லை.”

“அதுதான் ஐயா விசயம். நீங்கள் பொத்தானைக் கழட்டிப்போட்டுச் சுகமா இருந்து எழுதினதே அந்தக் காத்திலதான். அதையும் ஒரு வரி எழுதுங்கோ. உடனே கையெழுத்து வைக்கிறன்.”

தம்பிராசாவின் கை தானாகவே கொலருக்குப் போனது. சனம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“திங்கக்கிழமை வேற மேசனைக் கொண்டந்து அடைப்பிப்பன்,” என்றார்.

“கொண்டாங்கோ. மத்தியானத்தில கொண்டாங்கோ. அண்டைக்கு நாங்கள் ஒருத்தரும் இந்த வாங்கை விட்டு எழும்பமாட்டம். எங்களையும் உள்ளுக்கு வைச்சு அடைக்கச் சொல்லுங்கோ.”

அவன் சத்தம் போடவில்லை. பக்கத்தில் நித்திரையாய் இருந்தவளை எழுப்பப் பயம். தம்பிராசா எழும்பினார். றோசம்மா மீன் கடகப்பெட்டியைக் காலடிக்கு இழுத்து, சேலைத்தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓவசியருக்கு விட்ட இடத்தையும் சேர்த்து நிரவி இருந்தாள்.

தம்பிராசா போய் ஜீப்பில் ஏறி, கழற்றிய பொத்தான்களைப் பூட்டி, காற்றுப் புகாமல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மடியில் பைலை வைத்து அதே பக்கத்தை மறுபடி முதலில் இருந்து எழுதத் தொடங்கினார்.