ஒன்பது மாத மேயர்

அமெரிக்கர்கள் எங்கள் ஊருக்குள் வந்தது 1945-ஆம் வருஷத்து ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று. அதற்கு முந்தின நாள்தான் பின்வாங்கிப் போன எங்கள் ஜெர்மன் படையினரே ஆற்றுப் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்திருந்தார்கள். பாலத்தோடு மின்கம்பியும் அறுந்து போயிற்று. நீரேற்று நிலையத்தின் மோட்டார் நின்றது, மேட்டுத் தொட்டி காய்ந்தது. எங்கள் ஹோல்ஸ்பாக் ஊரின் மூவாயிரம் பேரும் வாளியும் கையுமாக ஆற்றுக்கு இறங்கினார்கள். அந்த ஆற்றில் செத்த குதிரைகள் மிதந்துகொண்டிருந்தன.

அந்த நிலையத்தைப் பார்த்துக்கொண்டவன் நான். பெயர் குனோ டீல். முதல் யுத்தத்திலேயே இடது காலை முழங்காலுக்குக் கீழே கொடுத்துவிட்டு மரக்காலில் நடப்பதால் இரண்டாவது யுத்தத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை.

எங்கள் ஊரை நிர்வகிக்க வந்த அமெரிக்கர் கேப்டன் ஹாலரன். ஒல்லியானவர், வயிற்றுப்புண்காரர், எங்கள் மொழி ஒரு வார்த்தை தெரியாது. அவருக்கு மொழிபெயர்க்க ஸ்டெர்ன் என்ற இளம் சார்ஜென்ட். ஸ்டெர்ன் பக்கத்து கீஸன் நகரத்தில் பிறந்த யூதர். பதினாறு வயதில் தனியாகக் கப்பலேறித் தப்பியவர். அவர் வாயைத் திறந்தபோது வந்தது அச்சு அசலாக எங்கள் ஊர்ப் பேச்சு. அதைக் கேட்டுப் பல பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

உள்ளூர்க்காரர்களை வைத்து ஒரு தற்காலிக நிர்வாகம் அமைக்க வேண்டும், நாஜிக் கட்சியில் இருந்தவன் ஒருவனும் அதில் இருக்கக் கூடாது என்பது கேப்டனுக்கு வந்த உத்தரவு. கொஞ்சம் ஆங்கிலம் பேசினார் என்பதற்காக மருந்துக் கடை வெண்டலை மேயராக்கினார். பதினோராம் நாள் யாரோ ஒரு பழைய பத்திரிகையைக் கொண்டுவந்து நீட்டினார்கள். கட்சி ஊர்வலத்தின் முதல் வரிசையில் கையை நீட்டியபடி வெண்டல் நின்றார். அன்றைக்கே அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த ஆளைத் தேடி ஸ்டெர்ன் ஆற்றங்கரை வரிசைக்கு வந்தார். வாளியோடு நின்ற பெண்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வெளியூர் போறீங்கன்னு வைங்க. வீட்டுச் சாவிய யார்கிட்ட குடுத்துட்டுப் போவீங்க?"

"அகாத்தா அக்காகிட்டதான்," என்றாள் முதல் பெண். "எங்க வீட்டு அலமாரியில எது எங்க இருக்குன்னு என்னவிட அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

வரிசையில் பாதிப் பேருக்கு மேல் அதே பெயரைத்தான் சொன்னார்கள்.

அகாத்தா ரோடர் எங்கள் ஊர் மருத்துவச்சி. அறுபத்தொரு வயது, கணவனை இழந்தவர். கட்சியில் சேர்க்க மூன்று முறை வீடு தேடி வந்தவர்களிடம் மூன்று முறையும், "பிரசவம் இருக்கு, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர். அந்த அப்புறம், கட்சி ஆண்ட பன்னிரண்டு வருஷமும் வரவில்லை.

அவரை நகர மன்றத்துக்கு அழைத்து வந்தபோது, தண்ணீர் விஷயமாகக் கூப்பிடப்பட்டு நானும் அங்கே இருந்தேன்.

"சீக்கிரம் சொல்லுங்க. பேக்கரிக்காரர் மருமகளுக்கு வலி எடுத்தாச்சு."

விஷயத்தைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். "நானா? எனக்கு அரசாங்கத்தப் பத்தி என்ன தெரியும்?"

"ஊரப் பத்தித் தெரியுமில்ல, அது போதும்மா," என்றார் ஸ்டெர்ன்.

இது உத்தரவு என்றார் கேப்டன்.

"உக்காருன்னு உத்தரவு போட்டா உக்காந்துடுவேன். ஆனா கையெழுத்துப் போட நான்தான் மனசு வைக்கணும். கேப்டன்கிட்ட அதச் சொல்லு தம்பி."

அவர் கேட்டது இரண்டு. அந்த நாட்களில் காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம்தான் நாங்கள் வெளியே நடமாடலாம். மருத்துவச்சியையும் அவரைக் கூப்பிட ஓடி வருகிறவர்களையும் எந்தச் சிப்பாயும் எந்த நேரத்திலும் மறிக்கக் கூடாது என்பது ஒன்று. கூட வேலை செய்கிறவர்களைத் தானே தேர்ந்தெடுப்பேன் என்பது இன்னொன்று. முதலாவதுக்குக் கேப்டன் உடனே தலையாட்டினார். இரண்டாவதுக்கு, தன் கையெழுத்து இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாது என்றார். அகாத்தா சம்மதித்துவிட்டு பேக்கரிக்காரர் வீட்டுக்கு ஓடினார்.

மறுநாள் காலை தன் சபைக்கென்று அவர் சொன்ன பெயர்களில் ஒன்று தச்சர் லுட்விக் மோர். கம்யூனிஸ்ட் என்று நாலு வருஷம் நாஜி முகாமில் அடைத்து வைக்கப்பட்டவர். அவர் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார். அடுத்து அகாத்தா, "தண்ணிக்கு குனோ" என்றார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் வெண்டலின் கதை நினைவுக்கு வந்தது. பயமா, வெட்கமா, எதனால் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"வேண்டாம்க்கா. நான் கட்சியில இருந்தவன். முப்பத்திமூணுலயே சேர்ந்தேன். சேரலன்னா வேலை போயிடும்னாங்க."

எழுதிக்கொண்டிருந்த ஸ்டெர்னின் பேனா நின்றது.

மோர் என்னைப் பார்க்காமல் பேசினார். "வேலைக்காகச் சேர்ந்தான், சரி. நான் முகாம்ல இருந்த நாலு வருஷமும், என் பொண்டாட்டி க்ளாரா எதிர்ல வந்தா இவன் தெருவத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுவான். அதுவும் வேலைக்காகவா? கேளுங்க."

"பயந்துட்டேன்," என்றேன்.

அகாத்தா எனக்காகப் பரிந்து பேசவில்லை. "இவன் நல்லவன்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன். சபையிலயும் உக்கார வேண்டாம். ஆனா குழாய் வரைபடம் எல்லாம் குண்டு விழுந்து எரிஞ்சு போச்சு. மண்ணுக்கடியில எந்த வால்வு எங்க இருக்குன்னு இப்ப இவன் தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு."

ஸ்டெர்ன் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எங்கப்பா அம்மாவ எந்த ரயில்ல ஏத்தினாங்கன்னு நான் இன்னும் தேடிக்கிட்டிருக்கேன், டீல். உன்ன மன்னிக்க நான் வரல. அது என்னால ஆகாது. ஆனா இந்த ஊர்ப் பிள்ளைங்க பேதி கண்டு சாகக் கூடாது. கேப்டன்கிட்ட நான் பேசிக்கிறேன். தினமும் காலையில எங்கிட்ட வந்து நோட்டுல கையெழுத்துப் போடு. போட்டுட்டு வேலையப் பாரு."

என்னையும் ஜீப்பில் ஏற்றுவார்கள் என்று நினைத்து நின்றவன் நான். அவர் குரலில் இரக்கம் துளியும் இல்லை. ஆனாலும் வாழ்நாளில் எனக்கு யாரும் அதைவிடப் பெரிய உதவி செய்ததில்லை.

நிலையத்தின் பின்கட்டில் ஒரு பழைய டீசல் எஞ்சின் கிடந்தது. மூன்று நாளில் அதை உயிர்ப்பித்துவிட்டேன். ஊற்றத்தான் டீசல் இல்லை. இராணுவ எரிபொருளைப் பொதுமக்களுக்குத் தரக் கூடாது என்பது விதி. அகாத்தா ஆறு நாள் கேட்டார், கேப்டன் ஆறு நாளும் மறுத்தார்.

"நான் மேயரா, இல்ல உங்க வாசல்ல வெச்ச பொம்மையா?" என்று ஆறாம் நாள் அகாத்தா மேசையைத் தட்டினார். ஸ்டெர்ன் அதைக் கொஞ்சம் மென்மையாக்கித்தான் மொழிபெயர்த்தாராம்.

ஏழாம் நாள் மத்தியானம், நானும் கூடப் போயிருந்தபோது, அதே வாக்குவாதத்தின் நடுவில், ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். பள்ளிக்கூடத்து நிலவறையில் ரஷ்யப் படைக்குப் பயந்து கிழக்கேயிருந்து வந்த அகதிகள் தங்கியிருந்தார்கள். அங்கே ஒருத்திக்குப் பிரசவ வலி, குழந்தைக்குக் கால் முன்னால் வருகிறது என்றாள்.

அகாத்தா எழுந்தார். "ஜீப் வெளியதான நிக்குது? கேப்டன் ஓட்டுறாரா, நான் ஓட்டட்டுமா? எனக்கு ஓட்டத் தெரியாது, இப்பவே சொல்லிட்டேன்."

கேப்டன்தான் ஓட்டினார். நானும் ஸ்டெர்னும் பின்னால் தொற்றிக்கொண்டோம். நிலவறையில் அகாத்தா கையைக் கழுவத் தண்ணீர் கேட்டார். ஒரு கிழவர் வாளியைக் கொண்டுவந்து வைத்தார். ஆற்றுத் தண்ணீர், மண் நிறம், மேலே வைக்கோல் துணுக்குகள். அகாத்தா வாளியையும் பார்த்தார், கேப்டனையும் பார்த்தார்.

கேப்டன் படியேறிப் போய் ஜீப்பில் இருந்த குடிநீர் டின்களைத் தானே தூக்கி வந்தார். மண்டியிட்டு, அகாத்தாவின் கைகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஒரு மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. முதலில் அது அழவில்லை. அகாத்தா தலைகீழாகப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டிய பிறகு வீறிட்டது. கேப்டன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில் இராணுவ லாரி ஒன்று நாலு பீப்பாய் டீசலை நிலையத்து வாசலில் இறக்கியது. கூட வந்த காகிதத்தை ஸ்டெர்ன் எனக்கு வாசித்துக் காட்டினார்: 'இராணுவ வாகனங்களைக் கழுவத் தேவையான நீரை இறைப்பதற்கு.'

"வண்டி கழுவ எவ்வளவு தண்ணி வேணும்னு கேட்டாரு," என்றார். "ஒரு ஊருக்கு வேண்டிய தண்ணி வேணும்னேன். போட்டுட்டாரு கையெழுத்த." அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு ஒரு தடவைதான்.

தொட்டி நிரம்ப இரண்டு நாள் ஆயிற்று. குளோரின் போட்டு, வால்வுகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே தெருத் தெருவாகப் போனேன். பெண்கள் குழாயடியில் நின்று அழுதார்கள். ஒருத்தி என் கன்னத்தில் முத்தமே கொடுத்துவிட்டாள். மேட்டுத் தெருவின் கடைசி வீடு மோருடையது. தண்ணீரும் அங்கேதான் கடைசியாக ஏறும். கதவைத் தட்டுவதற்கு முன் நெடுநேரம் நின்றேன். க்ளாரா திறந்தார்.

"வணக்கம், மோரம்மா," என்றேன். அந்த நாலு வருஷத்தில் தெருவில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒதுங்கி வழி விட்டார். சமையலறைக் குழாய் இருமியது, துப்பியது, செம்மண் நிறமாகக் கொட்டியது, பிறகு தெளிந்தது.

"உள்ள காத்துச் சத்தம் கேக்குதே. நின்னுடுமா?"

"பத்து நிமிஷத்துல நின்னுடும்."

"சரி," என்றார். நான் வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து, "சரிவு வழுக்கும், காலப் பாத்து இறங்கு" என்ற குரல் கேட்டது. சரிவு முழுக்கக் கண் கலங்கித்தான் இறங்கினேன்.

அதன் பிறகு நாங்கள் ஆளப்பட்ட விதம் வினோதமானது. அகாத்தாவின் சபை முடிவெடுக்கும், கேப்டன் கையெழுத்துப் போடுவார், இல்லையென்றால் கிழித்துப் போடுவார். விறகு, உருளைக்கிழங்கு, அகதிகளுக்கு இடம் என்று எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கிழித்ததை அகாத்தா மறுநாள் வேறு வார்த்தைகளில் எழுதிக்கொண்டு போவார். அந்தக் கோடையில் எங்கள் ஊரில் ஒரு குழந்தையும் பேதியால் சாகவில்லை.

இலையுதிர் காலத்தில் ஸ்டெர்னுக்கு மாற்றல் வந்தது. கடைசிக் காலையில் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதன் கீழே 'நன்றி' என்று எழுதினேன். வாயால் சொல்ல எனக்குத் தகுதியில்லை என்று தோன்றியது. அவர் படித்தார், நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"வால்வு இருக்கிற இடத்தையெல்லாம் காகிதத்துல வரைஞ்சு வை, டீல்," என்றார். "மனுஷன் தலைய நம்ப முடியாது." அன்றே வரைய ஆரம்பித்தேன்.

ஜனவரியில் தேர்தல் வந்தது; மேயர் பதவிக்கு அகாத்தாவும் மோரும் நின்றார்கள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் உண்மையான தேர்தல். ஆரம்பத்திலேயே கட்சியில் சேர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு ஓட்டில்லை. அது நியாயம்தான். வாக்குச்சாவடியின் குழாய் உறையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பனியில் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் யாரையும் முறைத்துப் பார்க்கவில்லை, பயந்து பார்க்கவில்லை.

வாக்கு எண்ணி முடிந்ததும் அகாத்தா நேராக என் நிலையத்துக்கு வந்தார். கன்னம் குளிரில் சிவந்திருந்தது.

"தோத்துட்டேன் குனோ! நாப்பத்தியொரு ஓட்டு வித்தியாசம். மோர் ஜெயிச்சுட்டான்!" என்று முக்காலியில் உட்கார்ந்து சிரித்தார்.

"வருத்தமா இல்லையாக்கா?"

"ஏப்ரல்ல உக்காந்தேன், ஜனவரி ஆச்சு. ஒன்பது மாசம் முடிஞ்சா வெளிய வந்துடணும், இல்லன்னா ரெண்டு பேருக்கும் ஆபத்து. இது எனக்குத் தெரியாததா?" கையுறையைக் கழற்றி எஞ்சின் மேல் காய வைத்தார். "மன்றத்துச் சாவிய மோர்கிட்ட குடுத்தப்ப எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்கடா. ஜெயிச்சவனுக்குன்னு நினைச்சேன். எனக்காம். கேப்டனும் தட்டினாரு."

"மோர் என்ன சொன்னாரு?"

"பம்ப்ப குனோவே பாக்கட்டும்னான்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

அடுப்பில் பார்லிக் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. இருந்த ஒரே நல்ல கோப்பையைத் துடைத்து, அதில் அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன்.