தனியாக இருப்பவரின் வானொலி

காலைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கைபேசியை வைத்துக்கொண்டு அவர் தகவல்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். வேறு யார் காதில் விழுந்தாலும் அது பேச்சாகத் தோன்றாது, தையல் மெஷினில் நூல் சிக்கிக்கொண்டு கரகரப்பது போலத்தான் இருக்கும். கண் தெரியாதவர்களுக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் குரல் அது. ஒரு பெண்ணின் குரல். அவர் வைத்திருந்த வேகத்தில் அந்தப் பெண்ணுக்கு மூச்சு விடவே நேரம் கிடையாது. கல்யாணமான புதிதில் அவரது மனைவி அந்தக் குரலுக்கு வேகக்காரி என்று பெயர் வைத்தாள். "இவ என்னங்க, சண்டைக்கு வந்தவ மாதிரியே பேசுறா?" என்று கேட்டதற்கு அவர் பெருமையாகச் சிரித்தார். "பழகின காதுக்குத்தான் புரியும். உனக்கெல்லாம் நூறு வருஷம் ஆனாலும் புரியாது."

பத்துப் பன்னிரண்டு வருஷத்திலேயே புரிந்துவிட்டது. கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவள் உட்காரவில்லை. பக்கத்து அறையில் துணி தைத்துக்கொண்டே காலையும் மாலையும் கேட்டதில், முதலில் எண்கள் பிடிபட்டன, பிறகு பெயர்கள், பிறகு ஒரு நாள் முழு வாக்கியம். அவர் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கும் மருத்துவமனையில் ஷிப்ட் மாறியிருக்கிறது என்ற செய்தி அது. அவளுக்கு உச்சி குளிர்ந்து போனது. உடனே சொல்லக்கூடாது, ஒரு நல்ல நாளாகப் பார்த்து அவரை அசத்த வேண்டும் என்று உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். அந்த நல்ல நாள் வரவே இல்லை. அதற்குள் கேட்கக்கூடாதவை காதில் விழ ஆரம்பித்துவிட்டன. சுற்றி இருப்பவர்களுக்கு ஒரு மண்ணும் புரியாது என்ற தைரியத்தில், காதும் காதும் வைத்தாற்போல் முடிக்க வேண்டிய சங்கதிகளைக்கூட அவர் ஸ்பீக்கரிலேயே ஓடவிடுவார்.

அன்று புதன்கிழமை. வேகக்காரி படித்தது, இணைய வானொலியில் அவர் நடத்தும் நிகழ்ச்சிக்கு வந்த ஒரு கடிதம்.

"அண்ணா, நீங்க போன வாரம் சொன்ன மாதிரியே உருளைக்கிழங்க வேக வச்சு, மூடியப் பிடிச்சுக்கிட்டு தண்ணிய வடிச்சேன். மூடி நழுவிருச்சு. மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும் கொப்பளம். உங்க மேல தப்பு இல்ல, நான்தான் எங்கயோ சொதப்பிட்டேன். அம்மா இனிமே அடுப்புப் பக்கமே போகாதேங்கிறாங்க. நீங்க தனியா இருந்துக்கிட்டு எல்லாம் செய்றீங்களே, உங்களால முடியும்போது என்னால ஏன் முடியாதுன்னு சண்டை போட்டிருக்கேன். மூடிய எந்தக் கையில பிடிப்பீங்க அண்ணா?"

அவர் ரொட்டியை மென்றுகொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தலையைத் தூக்காமல், ஏதோ வானிலை விசாரிப்பது போலக் கேட்டார்.

"ஏம்மா, வேக வச்ச தண்ணிய வடிக்கிறப்ப மூடிய எந்தக் கையில பிடிப்ப?"

எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த அவள் டம்ளரை இறக்கினாள். "நான் மூடியப் பிடிச்சு வடிக்கிறதே இல்லைங்க. ஓட்டை ஓட்டையா இருக்குமே ஜல்லிக்கரண்டி, அதால அள்ளி எடுத்துருவேன். தண்ணி ஆறின பிறகுதான் பாத்திரத்தையே தொடுவேன். கண்ணு இருக்கிற எனக்கே அந்த ஆவி முகத்துல அடிச்சா பயமா இருக்கு. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

சும்மாதானாம். அவள் டீயோடு சேர்த்து அதையும் விழுங்கினாள்.

அந்த இணைய வானொலி கண் தெரியாதவர்களே கண் தெரியாதவர்களுக்காக நடத்துவது. மற்ற பாட்டுச் செயலிகளில் இவர்கள் படும் பாடு அவளுக்குத் தெரியும். விரலை வைத்தால் வேகக்காரி "பட்டன், பட்டன், பட்டன்" என்பாள். எது பாட்டைப் போடும் பட்டன், எது நிறுத்தும் பட்டன், எது பணம் கேட்கும் பட்டன் என்று சொல்ல மாட்டாள். அந்த எரிச்சலில் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து தாங்களே ஒரு செயலி செய்துகொண்டார்கள். அதில் ஒவ்வொரு பட்டனும் தன் பெயரைச் சொல்லும். பழைய பாட்டு, புதுப் பாட்டு, செய்தி, கதை, நேயர் அரட்டை என்று எல்லாம் விரல் நுனியில் இருக்கும். அது உருவானபோது இவரும் ராப்பகலாக உட்கார்ந்து, இந்தப் பட்டன் பேசவில்லை, அந்தப் பட்டன் பாதிதான் பேசுகிறது என்று சண்டை போட்டுத் திருத்தியவர். அதில் அவளுக்கும் பெருமைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் அவருடைய நிகழ்ச்சி. 'கைப்பழக்கம்' என்று பெயர். சட்டைக்கு இஸ்திரி போடுவது, ஊசியில் நூல் கோர்ப்பது, அடுப்பைக் கையாள்வது என்று வாரம் ஒரு வேலையைச் சொல்லிக் கொடுத்து, நடுநடுவே பாட்டுப் போடுவார். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் மூச்சுச் சத்தம் கூடாது. தையல் மெஷின் ஓடக்கூடாது, குழாய் திறக்கக்கூடாது, பாத்திரம் உருளக்கூடாது, இருமல் வந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். மைக்கில் விழுந்துவிடும் என்று அறைக் கதவைச் சாத்தி, உள்பக்கமாகக் கம்பளியை வேறு தொங்கவிடுவார். வெளியே முணுமுணுப்பும் சிரிப்பும்தான் கேட்கும், ஒரு வார்த்தை புரியாது. நானும் கேட்கட்டுமா என்று ஒருமுறை அவள் கேட்டாள். "இது எங்க ஆளுங்களுக்கான ரேடியோ. உனக்கு போரடிக்கும்" என்றார். சரி, அவர்களுக்கென்று ஒரு இடம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். வாரா வாரம் சமையல்கட்டு ஸ்டூலில் கைகளை மடியில் போட்டுக்கொண்டு, பரீட்சை எழுதும் பிள்ளைக்குக் காவல் இருப்பது போல உட்கார்ந்திருந்தாள். ஒலிப்பதிவு சுத்தமாக வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கெடுபிடி என்று நம்பினாள்.

விஷயம் அதுவல்ல என்று வேகக்காரிதான் போட்டுக்கொடுத்தாள். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு நேயர், தனியாக வாழும் உங்களைப் பார்த்துத்தான் எனக்கும் தைரியம் வந்தது என்று எழுதியிருந்தார். பாவம், யாரோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் பதில் அடித்தார். அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் வேகக்காரி சொல்லிக்கொண்டே வந்தாள். "தனியா இருக்கிறது மொதல்ல கஷ்டமாத்தான் இருக்கும் தம்பி. பழகிட்டா அதுதான் சுதந்திரம்." அவள் அப்போது அவருடைய சட்டைக் காலரில்தான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைக்கு ஒரு முடிச்சு, நீலத்துக்கு இரண்டு, கோடு போட்டதற்கு மூன்று. விரலால் தடவி நிறத்தைத் தெரிந்துகொள்ள அவளாக யோசித்துச் செய்தது. அந்த முறை இப்போது நேயர்கள் மத்தியில் பிரபலம். 'அண்ணன் முடிச்சு' என்று பெயராம். அண்ணனுக்கு இன்றுவரை ஊசியின் காது எந்தப் பக்கம் என்று தெரியாது.

அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் பதில் அவளுக்கே தெரியும். கடைக்குப் போனால் கடைக்காரர் அவரை விட்டுவிட்டு இவளிடம், "சாருக்கு என்ன சைஸ்?" என்பார். டாக்டர் இவளிடம், "ராத்திரி தூங்குறாரா?" என்பார். பஸ்ஸில் முன்பின் தெரியாத பெண்கள் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ தெய்வம்மா, யாரு இப்படி செய்வா" என்பார்கள். அவர் பக்கத்திலேயே, யாரோ விட்டுப்போன மூட்டை போல நின்றுகொண்டிருப்பார். அந்த நேரத்தில் அவர் தாடை இறுகுவதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். உலகத்தில் ஒரே ஒரு இடத்திலாவது அவரை அவராகப் பார்க்க வேண்டும் என்றால் அங்கே இவள் இருக்கக்கூடாது. அது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததனால் வலி குறையவில்லை. புரியாமல் இருந்திருந்தால் கத்தியாவது தீர்த்திருக்கலாம்.

அதனால்தான் ஆறு மாதமாக மென்று விழுங்கினாள். என் முடிச்சு போகட்டும், என் பெயர் போகட்டும், அந்த ஒரு மணி நேரம் நான் செத்துப் போனவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்றுகூட ஒருநாள் நினைத்துக்கொண்டாள். ஆனால் இப்போது எங்கேயோ ஒரு பெண்ணின் கை வெந்திருக்கிறது. அவர் வாழ்நாளில் ஒரு தடவைகூட வடிக்காத தண்ணீர் அது. இவள் சமையல்கட்டில் செய்யும் சத்தத்தை வைத்து அவராக ஒரு முறையை ஜோடித்துச் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை நிஜத்தைச் சொல்லியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை திருத்திச் சொல்லிவிடுவார், எவ்வளவு கெட்டாலும் அந்த அளவுக்கு மனுஷன்தான் என்று அவள் நம்பினாள். சொல்கிறாரா என்று தன் காதால் கேட்டுவிடவும் முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கதவைச் சாத்தியதும், அவள் தன் கைபேசியில் அந்தச் செயலியை இறக்கினாள். பெரிய பெரிய எழுத்தில், அலங்காரம் எதுவும் இல்லாமல், பார்ப்பவர்களைப் பற்றிக் கவலையே படாத செயலி. பெயர் கேட்டது. கொடுக்கவில்லை. 'புது நேயர்' என்று தானாகவே ஒரு பெயரை வைத்துக்கொண்டது. ஒலியைக் குறைத்துக் காதோடு காதாக வைத்தாள்.

முதலில் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். அறைக்குள் முணுமுணுப்பு நின்றிருந்தது, கைபேசியில் அவர் பேசிக்கொண்டிருந்தார். அறைக்குள் சிரிப்புக் கேட்டது, கைபேசியில் அவர் இன்னும் அந்தச் சிரிப்புக்கு வரவில்லை. அப்புறம்தான் விளங்கியது. இணையத்தில் போய்த் திரும்ப அரை நிமிஷம் போல ஆகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மனிதர் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார், ஊர் ஊராக மக்கள் கேட்கும் மனிதர் பின்னாலேயே வருகிறார்.

அந்தக் குரல் அவளுக்குத் தெரியாத குரல். வீட்டில் அவர் இவ்வளவு கலகலப்பாகப் பேசி எத்தனை நாளாயிற்று என்று யோசித்தாள். இரண்டு பாட்டுப் போட்டார். யாரோ ஒரு பெரியவரின் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொன்னார். பிறகு குரலைத் தணித்து, அந்தப் பெண்ணின் கடிதத்தை எடுத்தார்.

"கையில சுட்டுக்கிட்டியேம்மா, கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன். எனக்கும் மொதல் தடவை சுட்டுச்சு. ரெண்டாவது தடவையும் சுட்டுச்சு. மூணாவது தடவை சுடல. மூடிய இடது கையில அழுத்திப் பிடி. வலது கை பாத்திரத்தோட காதுல. நான் எப்பவும் அப்படித்தான் செய்றேன். அம்மா சொல்றாங்கன்னு விட்டுறாதே. இன்னிக்கே மறுபடி செஞ்சு பாரு."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எனக்கும் சுட்டது என்கிறாரே. அவர் கையில் ஒரு தழும்பு கிடையாது. தழும்பெல்லாம் யார் கையில் இருக்கிறது என்று தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். புதன்கிழமை இவள் சொன்னது காதில் விழாமல் இல்லை. அதைச் சொன்னால் போன வாரம் சொன்னது பொய் என்று ஆகிவிடும், அவ்வளவுதான். ஒரு பொய்யைப் பூசி மெழுக ஒரு பெண்ணின் கை இரண்டாவது தடவை வேகலாம், பரவாயில்லை. இத்தனை வருஷம் இந்த மனுஷனுக்கு முடிச்சுப் போட்டோமே என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்தப் பெண் இப்போதே எழுந்து அடுப்புக்குப் போயிருப்பாளோ.

திரையில் 'நிகழ்ச்சியாளருக்கு எழுத' என்று ஒரு பட்டன் இருந்தது. அதை அழுத்தினாள். அவசரத்தில் எழுத்துகள் தப்பின. அழித்து அழித்து அடித்தாள்.

"அது தப்பான முறை. ஜல்லிக்கரண்டியால எடுக்கணும்னு புதன்கிழமையே உங்ககிட்ட சொன்னேன். அந்தப் பொண்ணு மறுபடி பாத்திரத்தத் தூக்குறதுக்குள்ள திருத்திச் சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா உள்ள வந்து நானே சொல்றேன். உங்க கைபேசி படிக்கிறது எல்லாமே எனக்குப் புரியும், ரொம்ப நாளா புரியும். சமையல்கட்டுலதான் உக்காந்திருக்கேன்."

அனுப்பினாள்.

நேயர்கள் எழுதுவதை அவர் பேசிக்கொண்டே ஒரு காதில் கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். இவள் தட்டுத் தடுமாறி அடித்ததை வேகக்காரி இந்நேரம் ஒரே மூச்சில், சண்டைக்கு வந்தவளைப் போல, அவர் காதில் கொட்டியிருப்பாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பு நின்றது.

அவள் எழுந்தாள். ஸ்டூல் தரையில் கிறீச்சிட்டு நகர்ந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. நேராகப் போய் அறைக் கதவின் முன்னால் நின்றாள். கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு, அவர் பேசுவதற்காகக் காத்திருந்தாள்.

இன்னொரு கையில் இருந்த கைபேசியில், அரை நிமிஷம் பின்னால் வந்துகொண்டிருந்த அவருக்கு இன்னும் எதுவும் நடந்திருக்கவில்லை. "நம்ம வீட்டுல நம்மள அதட்ட யாரு இருக்கா, சொல்லுங்க? பாத்திரம் கழுவலைன்னாலும் கேக்க ஆள் இல்ல" என்று யாருக்கோ பதில் சொல்லிவிட்டு, அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.